உயிரோடு இருந்தவனுக்குக் கட்டிய ஒப்பாரி

ஆவணி 3, செவ்வாய்

வாரம் ஒருநாள் வீட்டுக்கு வந்து போகிற நர்ஸம்மா, சேது என்ன சாப்பிட்டான், வலி எப்போது வந்தது, மருந்து எப்போது கொடுத்தோம் என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கும் என் வீட்டுக்காரி இருளாயிக்கும் எழுத்து தெரியாது. நான் செல்போனில் பேசி அனுப்புவேன். திருப்பூரில் இருக்கும் மகள் தெய்வானை அதை ஒழுங்கான தமிழில் எழுதி வைப்பாள் என்று ஏற்பாடு. "அய்யா, தோணுறதையெல்லாம் பேசுங்க. நர்ஸம்மாவுக்கு வேண்டியத மட்டும் நான் பிரிச்சு அனுப்பிர்றேன்" என்றாள்.

சேதுராசு என் மகன். லாரி ஓட்டினவன். பாக்கை அடக்கி அடக்கி வாய்க்குள் புண் வந்து, கீழ்த்தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். பேச்சு போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய். புண் இப்போது கழுத்துக்கு இறங்கிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திண்டுக்கல்லில் அவன் இருந்த வீட்டில் பகலில் பார்க்க ஆள் இல்லை என்று போன மாதம் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள்.

இன்று காலையில் கேழ்வரகுக் கஞ்சியை வேட்டித் துணியில் வடிகட்டிக் குழாயில் விட்டோம். மதியம் மோர். வலி மருந்து இரண்டு வேளை. புண்ணில் வாடை இருக்கிறது. ஊதுவத்தி கொளுத்தினேன். அவன் அதை அணைக்கச் சொல்லிக் கை காட்டினான்.

ஆவணி 5, வியாழன்

கஞ்சி ஒருவேளைதான் இறங்கியது.

இருளாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே வாய்க்குள் ஏதோ முனகினாள். சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைக் கூப்பிடுவார்கள். காசுக்கு அழுகிறவள் இல்லை. சொந்தம், தாயாதி, தெரிந்தவர் என்று போவாள். அவள் குரல் எடுத்தால்தான் மற்ற பெண்களுக்கு வாய் வரும் என்பார்கள். பக்கத்து ஊரில் யாருக்கோ முடிந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"யாரு போய்ட்டது?" என்றேன்.

அவள் முறத்தைத் தட்டித் தட்டிப் பாடினாள்.

தங்கத்தேர் ஏறித் தரணியெல்லாம் சுத்தி வந்தே
அங்கமெல்லாம் நொந்து ஆத்தா மடி சேர்ந்தே

ஆத்தா மடி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. முறத்தைப் பிடுங்கி வீசினேன். அரிசி வாசல் பூராவும் சிதறியது.

"உசிரோட இருக்கிறவனுக்கா பாடுற? நீ பெத்தவதானா?"

அவள் கோழிகளை விரட்டிவிட்டு அரிசியைக் கூட்டி அள்ளினாள். அள்ளி முடித்த பிறகு சொன்னாள்: "அவன் போன பெறகு எனக்கு நெஞ்சு இருக்குமா, பாட்டுக் கட்ட? ஊராருக்கெல்லாம் கட்டுனேன். எம்புள்ளைய மட்டும் மாட்டை எழுப்புற மாதிரி கத்தி அனுப்பவா?"

ஆவணி 6, வெள்ளி

மருந்து மூன்று வேளை. மோர் இறங்கியது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

திண்டுக்கல்லிலிருந்து அந்தப் பெண் வந்தாள். பிலோமினா. மில்லில் வேலை. ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகிறாள். சேதுவுக்குத் துணி மாற்றினாள், நகம் வெட்டினாள். நான் டீக்கடைப் பக்கம் போய் இருந்துவிட்டு அவள் போன பிறகு வந்தேன்.

சாயங்காலம் இருளாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழுகை தானா வர்றதுன்னுல்ல நெனச்சேன்" என்றேன்.

"கண்ணீரு தானா வரும். பாட்டு வராது. கண்ணீரு வந்துட்டாத் தொண்டை கட்டிக்கிரும். மொதல்ல அதை நிறுத்தணும். நிறுத்திட்டுச் செத்தவுக வீட்டைச் சுத்திப் பாக்கணும்."

"எதுக்கு?"

"அவுக விட்டுட்டுப் போனது என்னன்னு."

எழுத்து தெரியாதவனுக்குக் காதில் ஒருமுறை விழுந்தது போகாது. எனக்கு அப்படித்தான். எங்கள் ஊர்க் கொத்தனார் மாரிமுத்து சாரத்திலிருந்து விழுந்து செத்த அன்று இவள் பாடியது இப்போதும் அப்படியே இருக்கிறது.

பாதிச் சுவர் பூசி வச்சுப் பாதி ஈரம் காயலையே
மீதிச் சுவர் பூச மேலோகம் போனீரோ

நாங்கள் ஆம்பளைகள் வெளியே பந்தலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். "சொவத்துக்கெல்லாமா அழுவாளுக?" என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மாரிமுத்து பெண்டாட்டி அந்த இடத்தில்தான் வீறிட்டு அழுதாள். இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயல் என்று அப்போது நினைத்தேன்.

இன்று கேட்டேன். இருளாயி அன்று தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போயிருக்கிறாள். தன் வீட்டுச் சுவரைக் காலையில் பாதி பூசிவிட்டு மீதியைச் சாயங்காலம் வந்து பூசலாம் என்று வேலைக்குப் போனவன் அவன். கரண்டி சாந்துச் சட்டியிலேயே நின்றிருந்திருக்கிறது. "அவ அந்த அடுப்படிக்குள்ள இனிமே எப்படிப் போவான்னு நெனச்சேன். அடி வந்துருச்சு" என்றாள்.

இத்தனை வருடம் கேட்டதையெல்லாம் மறுபடி கேட்க வேண்டும் போல இருந்தது.

ஆவணி 11, புதன்

இன்று நடந்தது நர்ஸம்மாவுக்கு வேண்டாம்.

நான் குழாயில் கஞ்சி விட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருளாயி மெல்லப் பாடினாள். அவன் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு தட்டிதான் தடுப்பு. எல்லாம் கேட்கும். நான் இருமினேன். அவள் நிறுத்திவிட்டாள்.

ஆளைக் கூப்பிடத் தலைமாட்டில் வைத்திருந்த கரண்டியை எடுத்துச் சேது கட்டில் கம்பியில் தட்டினான். தண்ணீர் வேண்டுமோ என்று பார்த்தேன். இல்லை என்று கை. மறுபடி அடுப்படிப் பக்கம் காட்டித் தட்டினான். பாடட்டும் என்கிறான்.

இருளாயி வந்து தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டுட்டியாடா?"

தலையை ஆட்டினான். எத்தனை நாளாகக் கேட்கிறானோ. மறுபடி தட்டினான். அவள் வேறு வழியில்லாமல் தங்கத்தேரை எடுத்தாள். அவன் கையை வீசி நிறுத்தினான். இரண்டு கையாலும் பெரிய ஸ்டியரிங்கை வளைத்துக் காட்டினான். இடது கையால் கியர் போட்டான்.

"லாரியா?"

ஆமாம்.

"லாரின்னு வச்சா ராகத்துல நிக்காதுடா. இழுவை வராது."

பத்து விரலையும் விரித்துக் காட்டினான், பிறகு இரண்டு. அவளுக்குப் புரியவில்லை. "பன்னெண்டு சக்கரம்ங்கிறான்" என்று நான் சொன்னேன். அவன் கடைசியாக ஓட்டின வண்டி அது.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயை அசைத்து அசைத்துப் பார்த்தாள். பன்னெண்டு சக்கர வண்டி என்றாள், தள்ளினாள். சக்கரம் பன்னெண்டு என்றாள், தள்ளினாள். அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கஞ்சிக் குவளையைக் கையில் வைத்தபடி நின்றேன்.

பன்னெண்டு சக்கரமாம் பாரமெல்லாம் மேலேத்திக்
கண்ணுறக்கம் இல்லாமக் கடலோரம் போய் வந்தே

சேது சிரித்தான். பாதி முகத்தில் சிரித்தால் எச்சில் வழியும். நான் துடைத்துவிட்டேன்.

ஆவணி 12, வியாழன்

குழம்பு தீய்ந்துவிட்டது. இருளாயி அடுத்த அடிக்கு அலைகிறாள்.

"நாக்பூரு போனா ஆரஞ்சு கொண்டாருவானே, அதை வையி" என்றேன்.

"எல்லா டிரைவரும்தான் கொண்டாருவாக. இவனுக்கு மட்டும் உள்ளது சொல்லுங்க."

யோசித்தேன். சின்ன வயதில் மழை பெய்தாலும் வெளியே நிலைப்படியில் காலை நீட்டித்தான் தூங்குவான். எத்தனை முறை தடுக்கி விழுந்து திட்டியிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு எது மறந்தது.

ஆவணி 13, வெள்ளி

காலையில் இப்படி இருந்தது: நெலப்படியில் கால் நீட்டி நீ தூங்கும் வேளையிலே. சேது தட்டவில்லை. பிடிக்கவில்லை போல. மதியம் மாற்றினாள்.

நெலப்படியில் கால் நீட்டி நீ படுத்த எடமிருக்கத்
தலப்பக்கம் நாங்கிருந்து தண்ணி தரும் நாளாச்சே

தட்டினான். மருந்து மூன்று வேளை. கழுத்துப் புண்ணில் ரத்தம் கசிந்தது.

ஆவணி 15, ஞாயிறு

அந்தப் பெண் வந்தாள். நான் கடைப்பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். இருளாயி அம்மியில் தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டு முதலிலிருந்து பாடினாள். லாரி வந்தது, நிலைப்படி வந்தது. நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. தேடவும் இல்லை. அம்மிக் குழவி நிற்காமல் ஓட, அடுத்த அடி வந்து விழுந்தது.

வேத்து நின்ன பொண்ணோட வெயிலோரம் நீ நிக்கச்
சோத்துத் தட்ட விட்டுத் தலை தூக்கலையே ஒங்கய்யா

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"இந்த அடி வேணாம்."

"சரி, எடுத்துர்றேன்" என்றாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

தெய்வானை, உனக்குத் தெரியாதது இல்லை. வெளியார் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். அவன் அவளைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற அன்று, நான் விடியற்காலம் கரிமூட்டம் பிரிக்கப் போய், புகையில் வெந்து, உச்சி வெயிலில் வந்து அப்போதுதான் தட்டில் கை வைத்தேன். பசித்தவன் சாப்பிட்டான். நான் அவர்களைப் போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களாகத்தான் போனார்கள். பங்காளிகள் கூட என்னைத் தப்பு சொல்லவில்லை. சாதி விட்டு வந்து நின்றவளுக்கு வேறென்ன செய்வது என்றுதான் சொன்னார்கள்.

ஆவணி 18, புதன்

நர்ஸம்மா வந்தார். மருந்தைக் கூட்டியிருக்கிறார். அதிகம் தூங்குவான், பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டாம் என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

மதியம் இருளாயி அந்த அடி இல்லாமல் பாடினாள். நிலைப்படியை அடுத்து நேராக இது வந்தது:

திண்டுக்கல்லுப் பட்டணத்தில் தெருவோரம் குடியிருந்தே
கண்டு வர நாதியில்லாக் காலமெல்லாம் நீ கழிச்சே

சேது கண்ணை மூடியிருந்தான். தட்டவில்லை. தூக்கமாகவும் இருக்கலாம்.

நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுந்து போய் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டேன். ஆனால் காது விடவில்லை. வீட்டில் நிலைப்படியில் படுத்துக் கிடந்தவன், அடுத்த மூச்சில் திண்டுக்கல்லில் தெருவோரம் இருக்கிறான். ஏன் போனான்? பாட்டு சொல்லவில்லை. பெற்றவர்களை விட்டுவிட்டுத் தானாக ஓடிப்போனவன் மாதிரி இருக்கிறது.

ஆவணி 20, வெள்ளி

முதுகில் படுக்கைப்புண். புரட்டிப் படுக்கவைத்தோம். எடையே இல்லை. எடுத்துவிட்ட இடத்தில் வேறு அடி வைத்துப் பார் என்று இருளாயியிடம் சொன்னேன். வைத்தாள். காலம் செய்த கோலம் என்று ஒன்று. விதி வந்து கூப்பிட என்று ஒன்று. எல்லாச் சாவு வீட்டிலும் கேட்கிற அடிகள். பாடும்போது அவள் குரலே வேறொருத்தியின் குரல் மாதிரி இருந்தது. அவளும் பாதியில் விட்டுவிட்டாள்.

ஆவணி 22, ஞாயிறு

காலையிலிருந்து மழை. அதனால் கடைக்குப் போகவில்லை.

பிலோமினா நனைந்து வந்தாள். தலையைத் துவட்டிவிட்டுக் குழாயைக் கழுவினாள். அவன் வாயைப் பஞ்சால் துடைத்தாள். எங்களுக்கே குமட்டும். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. அவனிடம் மில்லில் நடந்த ஏதோ கதையைச் சொன்னாள், மேஸ்திரி வழுக்கி விழுந்த கதை. அவன் கண் மட்டும் சிரித்தது.

"மாமா, காப்பி போடட்டுமா?" என்று என்னைக் கேட்டாள்.

எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துத் தலையாட்டினேன். சர்க்கரை கூடுதலாக இருந்தது. குடித்தேன்.

ஆவணி 23, திங்கள்

இருளாயி சாணி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த அடிய வச்சிரு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. அது இல்லாட்டி இவன்தான் நம்மள விட்டுட்டுப் போனான்னு ஆகுது. போற நேரத்துல அந்தப் பழியவும் சொமந்துக்கிட்டுப் போகணுமா?"

"பங்காளிக எல்லாம் வந்து நிப்பாக. பெரியகருப்பன் மச்சான் சும்மா இருக்க மாட்டாரு. ஊரு முன்னால ஒங்க தலை இறங்கும்."

"இறங்கட்டும். அந்த அடி விழுந்தாத்தான் திண்டுக்கல்லு நிக்குது."

அவள் கையில் சாணியோடு என்னைப் பார்த்தாள். "நல்லாக் கேக்கப் பழகிட்டீங்க" என்றாள். அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு சேதுவின் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பாடினாள். அந்த அடி வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் கம்பியில் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. மெதுவாக.

ஆவணி 25, புதன்

எதுவும் இறங்கவில்லை. மருந்து மட்டும்.

ஆவணி 26, வியாழன்

பிலோமினாவுக்குச் சொல்லிவிடு தெய்வானை. நீயும் கிளம்பு.

ஆவணி 27, வெள்ளி

விடியும்போது சேது போய்விட்டான். கஞ்சி வேண்டாம்.

ஆவணி 29, ஞாயிறு

நேற்றுதான் எடுத்தோம். சனிப் பிணம் தனியாகப் போகாது என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். அது கத்திக்கொண்டே போனது.

தெய்வானை, நீ அங்கேதான் இருந்தாய். ஆனாலும் நான் கேட்டதை நான் சொல்லிவிடுகிறேன்.

பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருளாயி வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. அவள் தொண்டையை இறுக்கிக் கண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். "பெத்தவளுக்குக் கல்லு மனசு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பிறகு எடுத்தாள். பன்னெண்டு சக்கரம் என்றதும் வாசலில் நின்ற லாரிக்காரப் பையன்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். பெண்கள் அழுதார்கள். எல்லாச் சாவிலும் அழுகிற அழுகைதான். அடுத்து நிலைப்படி. அவள் அதை மெல்லத்தான் பாடினாள், அடுத்ததற்கு மூச்சு வேண்டும் என்று. தெரிந்தே நின்றேன்.

சோத்துத் தட்ட விட்டுத் தலை தூக்கலையே ஒங்கய்யா

சத்தம் அப்படியே அடங்கிப்போனது. தப்படிக்கிறவர்கள் கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பங்காளி பெரியகருப்பன் என் பக்கத்தில் வந்து, "அவ ஒன்ன அசிங்கப்படுத்துறா. கேட்டுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிற?" என்றான்.

"பாடட்டும்யா."

"என்னது பாடட்டும். நாங்க இருக்கவா, போகவா?"

"இருந்தா இரு. போறதுன்னாப் போ. இந்த அடி இல்லாட்டி எம்மகன் ஓடிப்போனவன் ஆயிருவான்."

அவன் துண்டை உதறிக்கொண்டு போனான். கூடவே நாலைந்து பேர் போனார்கள். தோள் கொடுக்க லாரிக்காரப் பையன்கள்தான் வந்தார்கள்.

திண்டுக்கல்லு என்று அவள் எடுத்தபோது பிலோமினா வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள். யாரும் அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு வருகிறவளை உள்ளே இருக்கிறவள் எழுந்து போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அப்போதுதான் அவள் உறவு. கண்டு வர நாதியில்லா என்று பாடிக்கொண்டே இருளாயி எழுந்து போனாள். வட்டத்தை உடைத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு அங்கே அழாதவள் யாரும் இல்லை. அது வேறு அழுகை. மாரிமுத்து பெண்டாட்டி அழுத அழுகை.

அந்தப் பாட்டு எங்கே போய்ச் சேரும் என்று நான் ஒவ்வொரு நாளும் கூடவே இருந்து கேட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

புரட்டாசி 1, புதன்

எல்லாரும் போய்விட்டார்கள். கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டேன். குழாயையும் மீதி மருந்தையும் நர்ஸம்மா எடுத்துக்கொண்டு போனார்.

உட்கார்ந்தால் பாட்டுதான் ஓடுகிறது. முழுப்பாட்டு மட்டும் இல்லை; அது முழுசாவதற்கு முன்னால் இருந்ததும் எல்லாம். தங்கத்தேர் இருந்தது, போனது. லாரி நாலு விதமாக வந்தது. நிலைப்படிக்குக் காலையில் ஒரு வால், மதியம் ஒரு வால். திண்டுக்கல்லில் தெருவோரமா ரயிலோரமா என்று அவள் ஒரு பொழுது தடுமாறினாள். ஒவ்வொரு அடியும் உடைந்து கிடந்ததையும் அவள் ஒட்டியதையும் நான் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு அடியைத்தான் உடைந்து கிடக்க நான் கேட்கவில்லை.

அடுப்படிக்குப் போனேன். இருளாயி உலை வைத்துக்கொண்டிருந்தாள். குரல் முழுக்கப் போய்விட்டது அவளுக்கு. காற்றுதான் வருகிறது.

"என்னைப் பத்தின அடிய எப்பக் கட்டுன?" என்றேன்.

அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். மூடினாள். விறகை உள்ளே தள்ளினாள். சொல்ல மாட்டாள் என்று திரும்பப் போனேன்.

"அன்னிக்கே" என்றாள். "அவுக ரெண்டு பேரும் தெருமுனை திரும்பல. நீங்க தட்டுல கை கழுவல. அதுக்குள்ள கட்டிட்டேன்."

அது நடந்து ஒன்பது வருடம். அத்தனை வருடமும் மூன்று வேளையும் அவள்தான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.